கையுறைச் சத்தம்

தொக்சுவுக்கு விஷயம் முதலில் உள்ளங்கையில்தான் தெரிந்தது.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் அது. கில்ஹோ எறிந்த நேர்ப்பந்து கையுறைக்குள் விழுந்த இடம் மாறியிருந்தது. அவன் பந்து எப்போதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள தோல் வலையில்தான் வந்து அறையும். அன்றைக்கு நாலு விரற்கடை கீழே, உள்ளங்கையின் அடிச்சதையில் வந்து இடித்தது. வேகம் குறைந்த மாதிரித் தெரியவில்லை. கடைசி ஒரு முழத்தில் மட்டும், நாளெல்லாம் மூட்டை சுமந்தவன் தன் வீட்டு வாசற்படியில் கால் தடுக்குகிற மாதிரி, பந்து தலை தொங்கிப் போயிற்று. சுற்றி நின்றவர்கள் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. பிடிக்கிறவன் கைக்கு மட்டும் எட்டுகிற சங்கதி.

அடுத்த பந்துக்கு அவன், யோசிக்காமலே, கையுறையை நாலு விரற்கடை இறக்கிக்கொண்டான். பந்து வலையில் வந்து அறைந்தது. பளார் என்று சத்தம் வந்தது. எல்லாரும் நிம்மதியானார்கள்.

அந்தச் சத்தம்தான் தொக்சுவின் பிழைப்பு.

குன்சான் நாரைகள் என்கிற பேஸ்பால் அணியில் அவன் இருந்தான், ஆனால் ஆட்டக்காரன் இல்லை. மைதானத்து வெளிச்சுவர் ஓரமாக, கம்பிவலை அடைத்த நீளமான பட்டி ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவில் இறங்கப்போகும் பந்து எறிபவர்கள் அங்கேதான் கை சூடேற்றுவார்கள். அவர்கள் எறிவதைக் குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவன் தொக்சு. பதினாலு வருஷமாக அதுதான் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பந்தக் காகிதம் வரும், கையெழுத்துப் போடுவான். ஒரு நாளைக்கு இருநூறு பந்து, சில நாள் முந்நூறு. அவனுக்கு முப்பத்தெட்டு வயது, முழங்கால்கள் மட்டும் அறுபதைத் தாண்டிவிட்டன. காலையில் எழுந்ததும் பல் துலக்குகிற டம்ளரை இடது கையால் தூக்க முடியாது. வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப் போட்டால்தான் விரல் மடங்கும்.

பந்தைப் பிடிக்க யாராலும் முடியும். சத்தம் வரப் பிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. வலையில் வாங்க வேண்டும். வாங்கும்போது மணிக்கட்டை ஒரு நூல் முன்னால் தள்ள வேண்டும். விரலை ஒரு கணம் பிந்தி மூட வேண்டும். உள்ளே காற்றுச் சிக்கி வெடிக்கும். அதைக் கேட்டால் துவண்டு வந்தவனுக்கும் நெஞ்சு நிமிரும். நம்ம பந்துக்கு இன்னிக்கு உயிர் இருக்கு என்று நினைத்துக்கொள்வான். நினைத்துக்கொண்டால் பாதி உயிர் வந்தும்விடும். அதனால் எல்லாப் பட்டியிலும் எல்லாப் பிடிப்பவனும் அதைச் செய்கிறான். அதைப் பொய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. குழம்பில் உப்புப் போடுகிற மாதிரி, வேலையோடு சேர்ந்தது.

கில்ஹோவுக்கு முப்பத்து மூன்று வயது. ஒன்பது வருஷம் இரண்டாம் அணியில் கிடந்தவன். இரண்டாம் அணி ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு, உச்சி வெயிலில் நடக்கும். பார்க்க இருபது பேர் வந்தால் பெரிசு, அதில் பாதிப்பேர் ஆட்டக்காரர்களைப் பெற்றவர்கள். இந்த வருஷம் ஏப்ரலில் யாருக்கோ அடிபட்டு இவனை மேலே கூப்பிட்டார்கள். வந்தவன் நிலைத்துவிட்டான். அணி ஒரு ரன் முன்னால் இருந்தால் இவன்தான், ஒரு ரன் பின்னால் இருந்தாலும் இவன்தான், ஆறு ரன் முன்னால் இருந்தாலும் பயத்துக்கு இவன்தான். நூற்று நாற்பத்திரண்டு ஆட்டம் முடிந்தபோது எழுபத்தெட்டில் இறங்கியிருந்தான். ரசிகர்கள் அவனுக்குப் பண்ணையாள் என்று பேர் வைத்தார்கள். வசவு இல்லை, பாசம்தான். எசமான் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடி வருகிறவன் என்று அர்த்தம். போர்வை அளவுத் துணியில் ‘பண்ணையாளே, இன்னிக்கும் ஒரு உழவு’ என்று எழுதிப் பிடிப்பார்கள். கில்ஹோ அந்தத் துணியைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருந்தான்.

எழுபத்தெட்டு என்பது களத்தில் இறங்கியது. பட்டியில் எழுந்து சூடேற்றிவிட்டு இறங்காமலே உட்காருவது எங்கேயும் எழுதப்படுவதில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு தடவை எழுப்புவார்கள், ஐந்தாவதில் ஒரு தடவை, ஏழாவதில்தான் இறக்குவார்கள். இருபது பந்து எறிந்தான் என்று மறுநாள் செய்தி வரும். தொக்சுவின் கையைக் கேட்டால் எழுபது என்று சொல்லும்.

கை எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பார்கள். பரவாயில்லைங்க என்று கில்ஹோ சொல்வான். அந்த நாட்டில் ஆட்டக்காரன் வேறு பதில் சொல்லக் கற்றுக்கொள்வதே இல்லை. சும்மா அலுப்பாக இருந்தாலும் பரவாயில்லைங்க, நரம்பு கிழிந்திருந்தாலும் பரவாயில்லைங்க.

பட்டிக்குப் பொறுப்பு நாம்குங் என்கிற கோச். ஐம்பத்தைந்து வயது. தொலைபேசிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, களத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பந்து எறிகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். பட்டியை அவர் காதால் பார்ப்பார். அணியின் தலைமைப் பயிற்சியாளரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவர் அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசியில் கில்ஹோ பந்து எப்படி என்று கேட்பார். நாம்குங் இரண்டு சத்தம் கேட்டுவிட்டு, நல்லாருக்கு, அனுப்பலாம் என்பார். வேகத்தைக் காட்டும் பலகை நாலு கிலோமீட்டர் குறைத்துக் காட்டியபோது, குளிர் வந்திடுச்சில்ல என்று சொல்லிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் தொக்சு கையுறையை இறக்கி இறக்கிப் பிடித்தான். இன்னும் பத்து ஆட்டம், இன்னும் ஆறு ஆட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு நாள் மனசு கேட்காமல், சூப்புக் கடையில் நாம்குங்கிடம் மெதுவாக வாயைத் திறந்தான். கில்ஹோ பந்து கொஞ்சம் இறங்குது கோச் என்றான். நாம்குங் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார்.

“இந்த மாசத்துல எவன் பந்துடா எறங்காம இருக்கு? எனக்குக் கன்னமே எறங்கிப் போச்சு. சத்தம் நல்லாத்தானே வருது?”

சத்தம் நல்லாத்தான் வந்தது. அது யார் சத்தம் என்று தொக்சு சொல்லவில்லை.

கடைசி நாள் அக்டோபர் முதல் ஞாயிறு. மழையில் நின்றுபோன பழைய ஆட்டம் ஒன்று பாக்கி இருந்ததால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தார்கள். எதிரணி சுன்சோன். ஐந்தாவது இடத்தில் இருந்தவர்களும் அவர்கள்தான். குன்சான் ஆறாவது. ஐந்தாவதாக வந்தால் அடுத்த சுற்று உண்டு, ஆறாவது என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தால் ஐந்தாவது. ஒன்று தோற்றாலும் போச்சு. பதினோரு வருஷமாக அந்த ஊர் அடுத்த சுற்றைப் பார்த்ததில்லை. காலையிலேயே துறைமுகத்து ஆட்கள் வேலையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள்.

முதல் ஆட்டத்தை நாலுக்கு மூன்று என்று ஜெயித்தார்கள். கில்ஹோ இரண்டு இன்னிங்ஸ் எறிந்தான், முப்பத்தொரு பந்து. தொடர்ந்து மூன்றாவது நாள். கடைசி ஆள் அவுட் ஆனதும் மைதானமே எழுந்து அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. அவன் தொப்பியைக்கூடத் தூக்காமல் உள்ளே போனான். அடக்கமான பையன் என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே நாற்பது நிமிஷம் இருந்தது. உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருக்கிற ஒடுக்கமான நடையில் தொக்சு இடது கையை ஐஸ் வாளியில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கில்ஹோ கிம்பாப் சோற்றுச் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இடது கையால் தின்றான். வலது கையை, தூங்குகிற பிள்ளையைப் போட்டிருக்கிற மாதிரி மடியில் போட்டிருந்தான்.

ஐஸ் வைக்கவில்லையா என்று தொக்சு கேட்டான். வைத்தால் அடுத்த ஆட்டத்துக்கு இறுகிப்போகும் என்றான் அவன். அடுத்த ஆட்டத்துக்கு உன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றதும் கில்ஹோ வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“அண்ணே, நீங்க எந்த அணியில வேலை பாக்குறீங்க?”

பிறகு, வேறு யாரைப் பற்றியோ பேசுகிற மாதிரி, சுண்டுவிரல் மரத்துவிட்டது என்று சொன்னான். கிள்ளிப் பார்த்தானாம், பஸ்ஸில் பக்கத்து ஆள் விரலைக் கிள்ளின மாதிரி இருந்ததாம். காலையில் கதவுப் பிடியைத் திருக முடியாமல் பெண்டாட்டியைக் கூப்பிட்டானாம். அதற்கு அவள், நேற்று உன்னைத் தொலைக்காட்சியில் பார்த்தேன், மூணு பேரை வரிசையாகக் கவிழ்த்தாய், இந்தக் கதவு உன்னைக் கவிழ்த்திடுச்சா என்றாளாம்.

“போய்ச் சொல்லுடா,” என்றான் தொக்சு.

“யார்ட்ட, பெரியவர்ட்டயா? சொன்னா, சரிப்பா போய் ஓய்வெடுன்னுதான் சொல்வாரு. ரொம்ப நல்லாச் சொல்வாரு. அப்புறம் ஏப்ரல் மாசம் மறுபடி மதியம் ஒரு மணி ஆட்டம்.” கில்ஹோ வாளித் தண்ணீரைப் பார்த்தான். “பந்துல இன்னும் உயிர் இருக்குண்ணே. கை என்ன வேணாச் சொல்லட்டும். உங்க கையுறைல விழறப்போ கேக்குதில்ல? நான் என் கையை நம்புறதில்ல. அதைத்தான் நம்புறேன்.”

சொல்லிவிட்டுத் தொக்சுவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

தொக்சு வாளிக்குள் பார்த்தான். ஐஸ் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. இப்போது சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம்தான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் மூன்று வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் மணி அடித்துவிட்டது. கில்ஹோ எழுந்து போனான். தொக்சு ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். கில்ஹோவைக் களத்துக்கு அனுப்பியது பெரியவர் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தான். இல்லை, நாம்குங்கும் இல்லை. தன் கையுறைதான் அனுப்பியது.

இரண்டாவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் முடிகிற நேரத்தில் குன்சான் மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தது. விளக்கு போட்டுவிட்டார்கள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. தொலைபேசி அடித்தது. நாம்குங் எடுத்தார், சரிங்க என்றார், வைத்தார். அவர் பேரைச் சொல்வதற்கு முன்னாலேயே கில்ஹோ எழுந்து நின்றிருந்தான்.

“கை?” என்றார்.

“பரவாயில்லைங்க.”

தொக்சு குந்தினான். கில்ஹோ எறிந்தான்.

அவன் தீர்மானித்து ஒன்றும் செய்யவில்லை. கையை வைத்த இடத்திலேயே வைத்திருந்தான், அவ்வளவுதான். பந்து தலை தொங்கி, அடிச்சதையில் வந்து விழுந்தது. தொப் என்றது. நனைந்த சிமெண்டு மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி.

நாம்குங்கின் கழுத்து லேசாகத் திரும்பியது.

இரண்டாவது பந்து. தொப்.

பெஞ்சில் இடதுகை ஆள் உக்ஜின் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொரு வயது, அணியிலேயே மூத்தவர், தோளை இரண்டு தடவை அறுத்துத் தைத்தவர். வாயில் போட்டிருந்த சூரியகாந்தி விதையை மெல்லுவதை நிறுத்தினார். மூன்றாவது பந்தும் தொப் என்று விழுந்ததும் நாம்குங் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து வந்தார். அந்த வருஷத்தில் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

“என்னடா, கை போச்சா?”

பதிலுக்குக் காத்திராமல் தொக்சுவின் கையுறையைப் பிடுங்கினார். உள்ளங்கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைத் தொக்சு அப்புறம் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறான்.

“அடப்பாவி, இப்படி வெச்சுக்கிட்டா பிடிச்சே? அதான் சத்தம் வரலை. நான் பயந்தே போயிட்டேன். வேற ஆளை உக்காரச் சொல்றேன், நீ போய்…”

“கை பதினாலு வருஷமா இப்படித்தான் கோச். கைல ஒண்ணுமில்ல. பந்துலதான்.”

“மூணு வாரமா நல்லா வந்த பந்து மூணு நிமிஷத்துல கெட்டுப் போச்சாக்கும்?”

“மூணு வாரமா நல்லா வரலை. நான் எறக்கிப் பிடிச்சேன்.”

நாம்குங்குக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கினதும் பிடுங்கின கையுறையை அவன் கையில் திணித்தார். தொக்சு கில்ஹோவைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான். கில்ஹோ பந்து எறிகிற மண்மேட்டிலிருந்து இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றான்.

“எனக்குத் தெரியும்ணே.”

தொக்சு நிமிர்ந்தான்.

“நான் எறியற எடத்துலேர்ந்து பாத்தா உங்க கையுறை நல்லாத் தெரியும். பந்தை விட்டதும் அது கீழ எறங்கும். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“அப்ப மத்தியானம் சொன்னது?”

“அப்பவாவது சொல்வீங்களான்னு பாத்தேன்.” அவன் குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே. “நீங்க சொல்லலை. சரி, அண்ணனே பொய் சொல்றாரு, நாமளும் சொல்லிட்டுப் போவோம்னு விட்டுட்டேன்.”

தொலைபேசி அடித்தது.

நாம்குங் ஓடிப்போய் எடுத்தார். பெரியவரின் குரல் வெளியே கேட்டது: ஆச்சா, அனுப்பலாமா. நாம்குங் கையால் பேசும் வாயைப் பொத்திக்கொண்டு கில்ஹோவைப் பார்த்தார். தோற்றால் நாளைக்குக் காலையில் பெரியவருக்கு வேலை இல்லை, பெரியவர் போனால் அவர் கூட்டி வந்த கோச்சுகள் ஒருத்தரும் இல்லை. அது பட்டியில் எல்லாருக்கும் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் இன்னொரு அணி அவரைச் சேர்க்காது என்பதும் தெரியும்.

“மூணே பேருடா கில்ஹோ,” என்றார். “மூணு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு வந்துடு. அதுக்கப்புறம் நானே உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். கால்ல விழணும்னாலும் விழறேன்.”

கில்ஹோவின் உதடு பிரிந்தது. பரவா என்கிற வரைக்கும் வந்தது. தொக்சு கண்ணை மூடிக்கொண்டான். ஒன்பது வருஷம் மதியம் ஒரு மணி வெயிலில் நின்றவன், அவனைப் போகாதே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

“முடியலைங்க,” என்றான் கில்ஹோ.

மெதுவாகத்தான் சொன்னான். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி உடனே தலையைக் குனிந்துகொண்டான். வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்தான். இத்தனை மாதமும் யாரும் பார்க்கிறபோது அவன் அப்படிப் பிடித்ததில்லை.

நாம்குங் அந்த வார்த்தையைத் தொலைபேசியில் சொல்லவில்லை. சொல்ல முயன்றார், வரவில்லை. அந்தக் கம்பி வழியாக அப்படி ஒரு வார்த்தை போனதே கிடையாது. கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் பெரியவர், என்னய்யா, கேக்குதா, கேக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தொக்சு போய் அதை வாங்கினான். பதினாலு வருஷத்தில் அவன் அதைத் தொட்டதில்லை. தொடுவது அவன் வேலையும் இல்லை.

“கில்ஹோவால முடியாதுங்க.”

“யாரு பேசுறது?”

“பந்து பிடிக்கிற தொக்சுங்க.”

ரசிகர்களின் கூச்சல் ஒரு காதில் தொலைபேசி வழியாகவும் மறு காதில் நேராகவும் கேட்டது. பிறகு, நாம்குங்கிட்டக் குடு என்றது குரல். நாம்குங் வாங்கி, ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க என்று மூன்று தடவை சொன்னார். உக்ஜின்தான் இருக்கார் என்றார். வைத்துவிட்டுத் தொக்சுவைப் பார்க்காமலே, அடுத்த வருஷம் உனக்குக் காகிதம் வராது, தெரியுமில்ல என்றார். தெரியும் கோச் என்றான் தொக்சு.

உக்ஜின் முழங்கால் சடசடக்க எழுந்தார். நேற்றும் முந்தாநாளும் எறிந்தவர் அவர். கடைசியில இந்தக் கிழவன் தலையிலதான் விடியும்னு காலையில சவரம் பண்றப்பவே நெனச்சேன் என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினார். முதல் பந்தை விட்டார். ஆறு விரற்கடை இறங்கியது. கில்ஹோ பந்தே தேவலை போலிருந்தது. தொப். இரண்டாவதும் தொப்.

உக்ஜின் இறங்கி வந்தார். ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிற மாதிரித் தொக்சுவுக்கு முன்னால் குனிந்தார். மூச்சில் விதை வாசனை அடித்தது.

“தம்பி, எனக்கு உண்மை வேணாம்டா. அதைக் கில்ஹோவுக்குக் குடுத்துட்டே, ரொம்ப நல்லது. எனக்குச் சத்தம் குடு.”

தொக்சு திரும்பிப் பார்த்தான். நாம்குங் தொலைபேசிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றார். பெஞ்சில் கில்ஹோ இருந்தான். இவரும் ஆகாது என்று தெரிந்தால் அடுத்து யாரைக் கேட்பார்கள் என்பது தொக்சுவுக்குத் தெரியும். ஒரு தடவை முடியலைங்க என்று சொன்னவனுக்கு, இரண்டாவது தடவை சொல்கிற சக்தி இருக்குமா என்பது தெரியாது.

கையுறையை ஆறு விரற்கடை இறக்கினான். பளார் என்றது. நாம்குங் கண்ணை மூடித் திறந்தார். இன்னும் நாலு பந்து, நாலுக்கும் பளார். வலி தோள் வரைக்கும் ஏறி இறங்கியது. உக்ஜின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போய்ட்டு வரேன் என்று கம்பிக் கதவைத் திறந்து வெளிச்சத்துக்குள் ஓடினார்.

ஓடி வருவது உக்ஜின் என்று மைதானத்துக்குத் தெரிந்தது. முதல் வரிசையில் ஒருத்தன், பண்ணையாள் எங்கே என்று கத்தினான். பக்கத்துக் கூட்டம் பிடித்துக்கொண்டது. மேளம் அதற்குத் தாளம் சேர்த்தது. பத்தாயிரம் பேர் ஒரே குரலில் கில்ஹோவைக் கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷம் இதற்காகத்தான் அவன் காத்துக் கிடந்தான். அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு காதையும் பொத்தப் பார்த்தான். இடது காதை மட்டும்தான் பொத்த முடிந்தது. வலது கை அவ்வளவு உயரம் போகவில்லை.

உக்ஜின் முதல் ஆளை அவுட் ஆக்கினார். அடுத்தவனுக்கு நாலு பந்தும் வெளியே போய், அவன் அடிக்காமலே முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போனான். மூன்றாவது ஆளும் அப்படியே. நாலாவது ஆள் அடித்த பந்து வலது மூலையில் போய்ச் சுவரோரம் உருண்டது. நடந்து போயிருந்தவர்களில் ஒருத்தன் ஓடி வந்து ரன் சேர்த்தான், பின்னாலேயே இன்னொருத்தன். மூன்றுக்கு நாலு.

கில்ஹோ எழுந்துபோய்க் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் போயிருந்தா,” என்றான்.

போயிருந்தால் மூன்று பேரும் அவுட் ஆகியிருக்கலாம். போயிருந்தால் இரண்டாவது பந்திலேயே முழங்கை நரம்பு அறுந்து, மேட்டில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

தொலைபேசி மறுபடி அடித்தது. முந்தாநாள் நூறு பந்து எறிந்தவனை எழுப்பச் சொன்னார்கள். தொக்சு குந்தினான், பிடித்தான். அவன் போனான். அதற்கப்புறம் இன்னொருத்தன். யாரும் ரன் கொடுக்கவில்லை. குன்சானும் ஒன்றும் எடுக்கவில்லை. கடைசி ஆள் காற்றில் மட்டையை வீசிவிட்டுத் திரும்பி நடந்தபோது சுன்சோன் ஆட்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கட்டிப் புரண்டார்கள்.

வருஷத்தின் கடைசி ஆட்டம் முடிந்தால் எல்லா ஆட்டக்காரரும் களத்தில் வரிசையாக நின்று ரசிகர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். ஒருத்தர் குறையாமல், கனத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி ஆள் வந்து சொன்னான். கில்ஹோவால் வலது கையைச் சட்டைக்குள் விட முடியவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுச் சுவரில் சாய்ந்தான். முகமெல்லாம் வேர்வை. தொக்சு வந்து சட்டையைத் தாழ்த்திப் பிடித்தான், தன் இடது கையிலும் பிடி நிற்காததால் பல்லால் கழுத்துப் பட்டியைக் கவ்விக்கொண்டான். விரல், மணிக்கட்டு, முழங்கை என்று ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினார்கள். முழங்கை ஏறும்போது கில்ஹோ தொக்சுவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றான்.

வெளியே இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அதில் பாசம் இல்லை. எங்கே ஒளிஞ்சிருக்கான் அவன் என்று யாரோ கேட்டான், சிரிப்புக் கேட்டது.

“என்னண்ணே சொல்றது அவங்ககிட்ட?”

“ஒண்ணும் சொல்லாத. போய்க் குனி.”

கில்ஹோ கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனான். வரிசையின் கடைசியில் இடம் விட்டிருந்தார்கள். அவன் போய் நின்றதும் கூச்சல் கூடியது. பெரியவர் ஏதோ சொல்ல, எல்லாரும் குனிந்தார்கள். எல்லாரும் நிமிர்ந்த பிறகும் அவன் மட்டும் நிமிரவில்லை. வலது கை சட்டைக்குள் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. உக்ஜின் வரிசையை விட்டு வந்து, அந்தக் கையைத் தொடாமல், மறு பக்கமாக நின்று அவனைத் தாங்கி நிமிர்த்தினார்.